ஆறு வினாடி

போன மாதம் ஒருநாள் காலை நடைக்குப் போன இடத்தில் வாத்தியார் அண்ணாச்சி என்னை ஓரமாக அழைத்துப் போனார். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பாளையங்கோட்டையில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருதான் அவர் வீடு. சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

"நீரு இந்தத் துறையிலயே கிடந்தவரு. இதைக் கொஞ்சம் பாத்துச் சொல்லும். உங்க மதினி ஆஸ்பத்திரிக்கே வரமாட்டேங்கா."

மதினிக்குக் கன்னத்தில் புற்று வந்து ஆபரேஷன் முடிந்திருந்தது எனக்குத் தெரியும். அடுத்தது கரண்ட் வைப்பது. நம் ஊரில் கதிர்வீச்சு சிகிச்சைக்கு அதுதான் பெயர். அதில் கரண்டும் கிடையாது, ஷாக்கும் கிடையாது. ஆனால் நான் வேலை பார்த்த 34 வருஷமும் ஜனங்கள் அப்படித்தான் சொன்னார்கள், நானும் திருத்தவில்லை.

தாளில் இருந்தது இவ்வளவுதான். மொத்தம் 6000 சென்டிகிரே. 30 தடவை. தடவைக்கு 200. மெஷினின் வீதம் நிமிடத்துக்கு 600.

"இதுல பயப்பட என்ன இருக்கு அண்ணாச்சி?"

"எங்க மருமகன் மொபைல்ல பாத்துச் சொல்லுதான், 5 பட்டாலே ஆளு பிழைக்கது கஷ்டமாம். இங்க 6000 போட்டிருக்காம். அதும் நிமிஷத்துக்கு 600ன்னா, மணிக்கு 36,000 ஆச்சேன்னு கணக்குப் போட்டுட்டான். அவ அடுப்படியில நின்னு கேட்டுட்டா."

அன்று சாயங்காலமே அவர் வீட்டுக்குப் போனேன். மதினி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்கள். கன்னத்துத் தையல் இன்னும் முழுக்க ஆறவில்லை. பேசும்போது முந்தானையால் மறைத்துக்கொண்டார்கள்.

நான் ஆச்சி காலத்துக் காசிலிருந்து ஆரம்பித்தேன். நம் வயதுக்காரர்களுக்கு அதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

1957 ஏப்ரல் 1-ல் நயா பைசா வந்தது. எனக்கு அப்போது ஏழு வயது. அதுவரை ரூபாய்க்கு 16 அணா. அன்று முதல் ரூபாய்க்கு 100 நயா பைசா. கொஞ்ச காலம் இரண்டும் சேர்ந்தே புழங்கின. கடையில் எந்தச் சாமானின் விலையைக் கேட்டாலும் ஆச்சி அடுத்த கேள்வி கேட்பாள். "பழைய காசா, புதுக் காசா?" வெறும் எண்ணைக் கேட்டு அவள் மடியை அவிழ்த்ததே இல்லை.

கதிர்வீச்சிலும் அப்படி ஒரு காசு மாற்றம் நடந்தது. உடம்போ வேறு எந்தப் பொருளோ கதிரிலிருந்து எவ்வளவு ஆற்றலை உறிஞ்சிக்கொண்டது என்பதற்குப் பழைய அளவு ராட். ஒரு கிராமுக்கு 100 எர்க். அதற்குப் பதிலாக 1975-ல் சர்வதேச அளவாக வந்தது கிரே. ஒரு கிலோவுக்கு ஒரு ஜூல். இங்கிலாந்தின் லூயி ஹரால்ட் கிரே என்ற இயற்பியலாளரின் பெயர் அது. ஒரு கிரேக்கு 100 ராட். அதாவது கிரே ரூபாய், ராட் பைசா. டாக்டர்கள் காலங்காலமாக "இருநூறு, இருநூறு" என்று ராட்டில் எழுதிப் பழகியவர்கள். திடீரென்று "இரண்டு" என்று எழுதச் சொன்னால் எங்காவது குழப்பம் வரும். அதனால் கிரேயில் நூற்றில் ஒரு பங்கான சென்டிகிரேயைப் பிடித்துக்கொண்டார்கள். 200 ராட், 200 சென்டிகிரே. எண் மாறவில்லை, பெயர் மட்டும் மாறியது.

"அதனால, மதினி, உங்க தாள்ல இருக்க 6000 பைசாக் கணக்கு. மருமகன் படிச்ச 5 ரூபாய்க் கணக்கு. ரெண்டையும் அப்படியே பக்கத்துல வச்சுப் பாக்கக் கூடாது. 6000 பைசா 60 ரூபாய்தான்."

"60ம் 5ஐ விடக் கூடத்தானே?" என்றார்கள் மதினி. அண்ணாச்சி தமிழ் வாத்தியார். வீட்டில் கணக்கு மதினிதான்.

கேட்டது நியாயம்தான். அந்த 5 கிரே என்பது உடம்பு முழுக்க, உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை, ஒரே வீச்சில் பட்டால் என்ற கணக்கு. இங்கே 60 கிரே என்பது கன்னத்தைச் சுற்றிய ஒரு சின்ன இடத்துக்கு மட்டும். அதுவும் வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு 2 கிரே வீதம், ஆறு வாரம். ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் நடுவில் நல்ல செல்கள் தங்களைச் சரிசெய்துகொள்ளும். புற்றுச் செல்லுக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு. பிரித்துக் கொடுப்பதன் சூட்சுமமே அதுதான். வாய் புண்ணாகும், ருசி போகும், எச்சில் வறளும். அதையெல்லாம் நான் மறைக்கவில்லை.

அடுத்து அந்த "மணிக்கு 36,000". கணக்கு சரி. நிமிடத்துக்கு 600 சென்டிகிரே என்றால் நிமிடத்துக்கு 6 கிரே. 60-ஆல் பெருக்கினால் மணிக்கு 360 கிரே. நம்மைச் சுற்றி இயற்கையாகவே இருக்கிற கதிர்வீச்சு மணிக்கு ஏறக்குறைய 0.1 மைக்ரோகிரே. ஒரு கிரேயைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் மைக்ரோகிரே. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் யாருக்கும் தலை சுற்றும்.

ஆனால் வீதம் வேறு, அளவு வேறு. பஸ் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்பதற்காக, ஏறி ஒரே நிமிடத்தில் இறங்கினவன் 60 கிலோமீட்டர் போய்விட மாட்டான். ஒரு கிலோமீட்டர்தான் போயிருப்பான். மதினி மேல் கதிர் படுகிற நேரம் ஒரு நாளைக்குச் சில நிமிடம்கூட இருக்காது. 2 கிரே சேர்ந்ததும் மெஷின் தானாக நின்றுவிடும். நின்ற பிறகு உடம்பில் எதுவும் தங்காது. பேரப்பிள்ளைகள் தாராளமாக மடியில் உட்காரலாம்.

இதையெல்லாம் கேட்டபின் மதினி கொஞ்சம் தெளிந்த மாதிரிதான் இருந்தது. காப்பித் தம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தவர்கள், நின்று, என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்கள்.

"தம்பி, நீங்க யாருக்காவது தப்பா வச்சிருக்கீங்களா?"

அண்ணாச்சி பதறிப்போய் "என்ன கேள்வி கேக்கே நீ!" என்றார். எனக்கு நெஞ்சில் யாரோ கையை வைத்த மாதிரி இருந்தது. இல்லை என்று சொல்லியிருக்கலாம். பயந்துபோயிருக்கிற ஒருவரிடம் அதுதான் சொல்ல வேண்டிய பதில் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஆனால் "ஆமா மதினி, ஒரு தடவை" என்று சொல்லிவிட்டேன்.

1984-ல் நடந்தது. தென் மாவட்டத்தில் ஒரு மருத்துவமனை. கோபால்ட் மெஷினில் நான் டெக்னீஷியன். அந்த மெஷினின் தலைக்குள் கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் இருக்கும். அதை நிறுத்த முடியாது, மூடித் திறக்கத்தான் முடியும். சிகிச்சை என்பது எத்தனை நிமிடம் திறந்து வைக்கிறோம் என்பதுதான். கொடுக்க வேண்டிய அளவை மெஷினின் வீதத்தால் வகுத்தால் நேரம் கிடைத்துவிடும்.

கோபால்ட் நம்மைப் போல, வயதாக ஆக வலு குறையும். 5.27 வருஷத்தில் பாதியாகிவிடும். மாதத்துக்கு நூற்றுக்கு ஒன்று என்று கணக்கு. அதனால் மாதப் பிறப்பன்று புது வீதத்தை எழுதிச் சுவரில் ஒட்டுவோம். வீதம் கொஞ்சம் குறையும், நேரம் கொஞ்சம் கூடும்.

வீதத்தை அளந்து தருவது பிசிசிஸ்ட் சார். விரல் நுனி அளவில் ஒரு சேம்பர் உண்டு. கதிர் பட்டால் அதற்குள் இருக்கும் காற்றில் மின்னூட்டம் உண்டாகும். அந்த அளவுக்குப் பெயர் ரோண்ட்ஜன். அது காற்றின் கணக்கு, உடம்பின் கணக்கு அல்ல. கோபால்ட் கதிருக்கு ரோண்ட்ஜனை 0.957-ஆல் பெருக்கினால்தான் தசை உறிஞ்சும் ராட் கிடைக்கும். அதனால் சாரின் நோட்டில் இரண்டு பத்திகள் இருக்கும். ஒன்று நிமிடத்துக்கு இத்தனை ரோண்ட்ஜன். மற்றது நிமிடத்துக்கு இத்தனை ராட்.

மறுபடியும் ஆச்சியின் காசுதான். ராட்டும் கிரேயும் பைசாவும் ரூபாயும் போல நூறு நூறாக ஒத்துப்போகும். ரோண்ட்ஜனோ அணாவைப் போல. ஓர் அணா சரியாக 6.25 நயா பைசா. கடையில் 6 என்று எடுத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு அணாவாகப் பதினாறு தடவை மாற்றினால் கையில் சேர்வது 96 பைசாதான். நாலு பைசா போய்விடும். "தனித்தனியா மாத்தாதல, நாலணாவா சேத்து மாத்து, இருபத்தஞ்சு தருவான்" என்பாள் ஆச்சி. 100 ரோண்ட்ஜனும் தசையில் ஏறத்தாழ 96 ராட்தான். நூற்றுக்கு நாலு.

அந்த மாதம் சார் வெளியூர் போகிற அவசரத்தில் இருந்தார். நோட்டைக் கொடுத்து, எழுதி ஒட்டச் சொன்னார். பத்தித் தலைப்பு நோட்டின் முதல் பக்கத்தில் மட்டும் இருந்தது. நான் திருப்பின பக்கத்தில் எண்கள் மட்டும்தான். 90.9 என்று ஒன்று, 87.0 என்று ஒன்று. நான் 90.9-ஐ எழுதி ஒட்டினேன். போன மாதத் தாளில் 88.0 என்று இருந்தது. அதைக் கிழித்துக் கூடையில் போட்டேன். ஒரு நொடி இரண்டையும் சேர்த்துப் பார்த்திருந்தால் போதும், வயதாகிற கோபால்ட்டுக்கு எப்படி வலு கூடும் என்று உறைத்திருக்கும். நான் பார்க்கவில்லை.

200 ராட் கொடுக்க 87.0-ஆல் வகுத்தால் 2.30 நிமிடம். 90.9-ஆல் வகுத்தால் 2.20 நிமிடம். மற்றப் பெருக்கல்களை இங்கே விட்டுவிடுகிறேன். வித்தியாசம் பத்தில் ஒரு நிமிடம். ஆறு வினாடி.

கண்டுபிடித்தது நானல்ல. வெற்றிலைக் கடை வைத்திருந்த ஒரு பெரியவர், வைத்தியத்துக்கு வந்தவர். அவருக்கும் கன்னத்தில்தான். கவுளிக்கு நூறு இலை என்று வாழ்நாள் முழுக்க எண்ணிக் கட்டிய கை. மேஜையில் அசையாமல் படுத்திருக்கும்போது பயம் தெரியாமல் இருக்க மனசுக்குள் எண்ணிக்கொண்டிருப்பார். மூடுகிற சத்தம் கேட்கும்போது எத்தனையில் நிற்கிறார் என்று வெளியே வந்து சொல்வார். நூற்று முப்பத்தாறு, நூற்று முப்பத்தைந்து, நூற்று முப்பத்தாறு. மாதம் பிறந்தால் எண்ணிக்கை ஒன்றிரண்டு கூடும் என்று நானே அவரிடம் சொல்லியிருந்தேன்.

நாலாம் நாள் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார். "தம்பி, கூடும்னு சொன்னீரே, குறையுதே? நாலு நாளா நாலு எண்ணிக்கை கம்மியா இருக்கு. மெஷினுக்குச் சீக்கிரம் சலிச்சுப் போகுதோ?"

சிரித்தபடிதான் கேட்டார். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. உள்ளே ஓடி நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பினேன். அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டேன்.

அந்த நேரத்தில் மனசு என்னவெல்லாம் சொன்னது என்பதை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது. நாலு நாள்தானே. தாளை மாற்றி ஒட்டிவிட்டால் யாருக்குத் தெரியும்? கூடப் போகவில்லை, குறையத்தானே குறைந்தது? யாருக்கும் தோல் வெந்துவிடாதே? வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள். வேலைக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

குறைந்தால் வெளியே தெரியாது என்பதுதான் இதில் பயங்கரமே. கூடினால் தோல் காட்டிக்கொடுத்துவிடும். குறைந்தால் உள்ளே மிச்சமிருக்கிற ஏதோ ஒரு செல் பிழைத்துக்கொள்ளும். இரண்டு வருஷம் கழித்து அந்த ஆள் திரும்பி வருவார், இல்லை வராமலே போவார். அதை யாரும் அந்த ஆறு வினாடியோடு முடிச்சுப் போட மாட்டார்கள். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாளுக்கு 8.6 ராட் குறைவு. 30 நாளும் அப்படியே போயிருந்தால் 258 ராட். ஒரு முழு நாள் வைத்தியத்துக்கும் மேலே காணாமல் போயிருக்கும். மொத்த அளவு சொன்னதிலிருந்து நூற்றுக்கு ஐந்துக்கு மேல் விலகக் கூடாது என்பது இந்தத் துறையில் பொதுவாக வைத்துக்கொண்ட வரம்பு. அதில் நாலை நான் ஒருவனே தின்றுவிட்டேன்.

மறுநாள் காலை சார் வந்ததும் போய்ச் சொன்னேன். குரல் நடுங்கியது. அவர் கத்தவில்லை. நான் ஒட்டியிருந்த தாளை எடுத்துவரச் சொன்னார். மேஜையில் வைத்து, 90.9 என்பதற்குப் பக்கத்து வெற்றிடத்தில் விரலை வைத்தார்.

"யூனிட் எங்கே?"

என்னிடம் பதில் இல்லை.

"தப்பு உங்களோடது மட்டும் இல்லை. நானும் ஒவ்வொரு பக்கத்திலயும் எழுதியிருக்கணும்" என்றார்.

அன்று சாயங்காலம் வரை டாக்டரும் சாரும் நானும் அந்த நாலு நாளில் வந்த ஒவ்வொருவரின் சீட்டையும் எடுத்துப் பார்த்தோம். முழு நாலு நாளும் வந்தவர்களுக்கு 34 ராட் பாக்கி. மீதி நாட்களில் எப்படிப் பிரித்துச் சேர்ப்பது என்று டாக்டர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக முடிவெடுத்து எழுதிக் கையெழுத்திட்டார். அன்று முதல் இரண்டு பழக்கம் வந்தது. யூனிட் இல்லாத எண்ணைச் சுவரில் ஒட்டக் கூடாது. ஒருவர் போட்ட கணக்கை இன்னொருவர் முதலிலிருந்து போட்டுப் பார்க்க வேண்டும், முதல் ஆளின் விடையைப் பார்க்காமல்.

பெரியவரிடமும் டாக்டரின் சம்மதத்தோடு சொன்னேன். "உங்க எண்ணிக்கை சரிதான் ஐயா. என் கணக்குதான் தப்பு." கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "கவுளிக்கு நாலு இலை குறைஞ்சா வாங்கினவன் மறுபடி கடைக்கு வரமாட்டான் தம்பி. ஆனா எண்ணிப் பாத்துக் குறையுதுன்னு நாமளே கூப்பிட்டுக் குடுத்தோம்னா, வேற கடைக்குப் போகமாட்டான்" என்றார். வைத்தியம் முடிந்து மூன்று வருஷம் செக்கப்புக்கு வந்தார். வரும்போதெல்லாம் ஒரு கவுளி வெற்றிலை கொண்டுவருவார். நான் போடுவதில்லை என்று தெரியும். "சாமிக்கு வையும்" என்பார்.

பல வருஷம் கழித்து ஒரு பயிற்சி வகுப்பில் கோஸ்டாரிகா நாட்டு விபத்தைப் பற்றிச் சொன்னார்கள். 1996-ல் சான் ஹோசே நகரத்து மருத்துவமனை ஒன்றில் கோபால்ட்டைப் புதிதாக மாற்றி, வீதத்தை அளந்திருக்கிறார்கள். கடிகையில் வைத்தது 0.3 நிமிடம். அதாவது 18 வினாடி. கணக்கில் அதை 30 வினாடி என்று எடுத்துக்கொண்டுவிட்டார்கள். வீதம் உண்மையைவிடக் குறைவாக வந்தது. அதனால் நேரம் நீண்டது. 115 நோயாளிகளுக்குத் தேவைக்கு மேல் கதிர் பட்டுவிட்டது. சிலர் அதனாலேயே உயிரிழந்தார்கள். வகுப்பில் பக்கத்தில் இருந்தவர்கள் "இவ்வளவு சின்ன விஷயத்தில் இப்படியா" என்று அங்கலாய்த்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு வெற்றிலைக்காரர் கிடைத்தார், அவர்களுக்குக் கிடைக்கவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது அண்ணாச்சி என்னை முறைத்துக்கொண்டிருந்தார். தைரியம் சொல்ல வந்தவன் செய்கிற காரியமா இது என்ற பார்வை. மதினி முந்தானையைக் கன்னத்திலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டார்கள்.

"இப்பவும் அப்படி ரெண்டு பேரு போட்டுப் பாப்பாங்களா?"

"பாப்பாங்க மதினி. இப்ப அது விதி. மெஷினும் தினம் காலையில சரிபார்த்த பிறகுதான் ஓடும்."

"நானும் எண்ணலாமா?"

"இப்ப மெஷின் சுத்தி வந்து பல பக்கத்துல இருந்து வைக்கும். எண்ணிக்கை ஒத்து வராது. ஆனா தினம் கேளுங்க. இன்னைக்கு எத்தனையாவது, எத்தனை கிரே ஆச்சுன்னு. கேட்டா யாரும் கோவிக்க மாட்டாங்க. கோவிச்சா எனக்குச் சொல்லுங்க."

மறு திங்கட்கிழமையே ஆரம்பித்துவிட்டார்கள். வாய் புண்ணாகிவிட்டது, கஞ்சிதான் இறங்குகிறது என்று அண்ணாச்சி சொன்னார். நேற்று மதினியே போனில் பேசினார்கள். குரல் கம்மியிருந்தது.

"தம்பி, இன்னைக்குப் பன்னிரண்டு முடிஞ்சுது."

"பன்னிரண்டு என்னது மதினி?"

ஒரு சிரிப்புச் சத்தம். "பன்னிரண்டு தடவை. இருபத்தி நாலு கிரே. பைசாவுலயும் சொல்லணுமா?"